ஒரு பேர்ச்சஸ் மண்ணில் எந்தக் கிழங்கு? உருளை, இஞ்சி, மஞ்சள், சேம்பு: ஓர் ஒப்பீடு

பங்குனி மழை இரண்டு நாள் விழுந்தால் போதும், கேள்வி வரத் தொடங்கிவிடும். "அண்ணே, வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் இருக்கு. கிழங்கு போடவா, இஞ்சி போடவா?" எங்கள் பக்கம் வெறுமனே கிழங்கு என்றால் உருளைக்கிழங்குதான். இந்த முறை கேட்டவர்கள் மூன்று பேர்: மஸ்கெலியாவில் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, வெலிமடையில் ஒரு தங்கச்சி, பதுளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இடத்தின் கணக்கு. வீட்டுத்திட்டத்தில் 7 பேர்ச்சஸ் கிடைத்தவர்களுக்கு 550 சதுர அடி வீடே இரண்டு பேர்ச்சஸைத் தின்றுவிடும். படிக்கட்டு, மலசலகூடக் குழி, மண் சரியாமல் கட்டிய அணை, கோழிக்கூடு எல்லாம் போக, மம்பட்டி போடக்கூடிய மண் ஒன்றிரண்டு பேர்ச்சஸ் மிஞ்சினால் பெரிய விஷயம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர்களுக்கு அதுவும் சந்தேகம்தான். ஆகவே இங்கே எல்லாக் கணக்கும் ஒரு பேர்ச்சஸுக்கு, அதாவது 272 சதுர அடிக்கு, ஏறக்குறைய 25 சதுர மீற்றருக்கு. ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. இன்றைக்கு எழுதினால் அடுத்த வாரச் சந்தையில் அது பொய்யாகிவிடும்.

## நாலுக்கும் பொதுவான ஒரு விஷயம்

இந்த நாலும் மண்ணுக்குள் இருந்தாலும் வேர் கிடையாது, தண்டு. நம்பாவிட்டால் ஒரு உருளைக்கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண் என்று நாம் சொல்லும் குழிக்கு மேலே புருவம் மாதிரி ஒரு மெல்லிய வளைவுக் கோடு இருக்கும். அது, வளராமல் போன ஒரு செதில் இலையின் தழும்பு. குழிக்குள் இருப்பது அந்த இலையின் கக்கத்து மொட்டு. கண்களை ஒன்றன்பின் ஒன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனால் சுருள் வழியில் சுற்றி ஒரு நுனிக்குப் போய்ச் சேரும், கிளையில் இலைகள் சுற்றி ஏறுவது மாதிரியே. மறு நுனியில் காய்ந்த தொப்புள் ஒன்று இருக்கும். தாய்ச் செடியோடு ஒட்டியிருந்த இடம் அதுதான்.

இஞ்சியில் அந்தக் கோடுகள் வளையம் வளையமாகத் தெரியும். மஞ்சளிலும் அப்படியே. சேம்பு உருண்டு திரண்ட தண்டு. அதன் பக்கத்தில் குட்டி குட்டியாகக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் இதையெல்லாம் நிலக்கீழ்த் தண்டு, பதியமுறை இனப்பெருக்கம் என்று சொல்லும். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: மொட்டு உள்ள ஒரு துண்டு மண்ணுக்குள் போனால் அது புதுச் செடி. பூ வேண்டாம், காய் வேண்டாம், விதை வேண்டாம். (வற்றாளையும் மரவள்ளியும் இந்தக் கட்டுரையில் இல்லாததற்குக் காரணம் இதுதான். அவை வேர்க்கிழங்குகள். அதனால்தான் ஒன்றுக்குக் கொடியையும் மற்றதற்குத் தடியையும் நடுகிறோம்.)

தோட்டத்து ஆட்களுக்கு இதில் புதுமை இல்லை. விதைத் தேயிலை மலையில் செடிக்குச் செடி இலை மாறும், கொழுந்தின் நிறம் மாறும். வி.பி. மலையில், அதாவது வெட்டுத் துண்டில் வளர்த்த தேயிலை மலையில், எல்லாம் ஒரே அச்சு, ஏனென்றால் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ‘டி.ஆர்.ஐ. 2025’ மாதிரியான ஒரு ரகத்தின் எல்லாச் செடிகளும் ஒரே தாயிலிருந்து வெட்டி வளர்த்தவை. கிழங்குகளும் அப்படித்தான், வெட்டி வைக்க நர்சரி இல்லாமல் மண்ணுக்குள் தானே அதைச் செய்துகொள்கின்றன. உங்கள் பாத்தியில் இருக்கும் இஞ்சி, போன வருட இஞ்சியின் பிள்ளை இல்லை. போன வருட இஞ்சியேதான்.

இதில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. கிழங்கில் சேர்த்துவைத்த மாப்பொருள் இருப்பதால் முளை வேகமாக எழும்பும், தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே வரும். ஆனால் தாய்க்கு இருந்த நோயும் கூடவே வரும். எல்லாம் ஒரே அச்சு என்பதால் ஒன்றைப் பிடிக்கும் நோய் எல்லாவற்றையும் பிடிக்கும். சமோவாத் தீவில் 1993இல் இலை வெளிறல் நோய் வந்தபோது சேம்புத் தோட்டங்கள் அப்படியே விழுந்தன. அங்கே பெரும்பாலும் ஒரே ரகத்தைத்தான் போட்டிருந்தார்கள்.

## எதை வைத்து அளப்பது?

கேட்பவர்கள் எல்லாரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். என் வரிசை இது.

விதை. இந்தப் பயிர்களில் சாப்பாடும் விதையும் ஒன்று. கத்தரி விதை ஒரு பக்கெட் வாங்கினால் தோட்டம் முழுக்கப் போதும். கிழங்கு அப்படியில்லை, கிலோக் கணக்கில் மண்ணுக்குள் போட வேண்டும். எவ்வளவு வேண்டும், எங்கே கிடைக்கும், அடுத்த போகத்துக்கு நீங்களே எடுத்து வைக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் மம்பட்டி எடுக்காதீர்கள்.

உயரம். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர், பதுளை டவுன் 700 மீற்றருக்கும் கீழே. இரண்டையும் மலைநாடு என்றுதான் சொல்கிறோம். கிழங்குக்கு அந்த வித்தியாசம் புரியும்.

மழையும் வடிகாலும். அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்கு மழை ஆனி ஆடியில் நிற்காமல் ஊற்றும். ஊவாப் பக்கம் அதே நேரத்தில் காய்ந்து, காற்று அடிக்கும். அங்கே பெருமழை கார்த்திகை மார்கழியில்தான்.

நிலம் எத்தனை மாதம் பூட்டிக் கிடக்கும். ஒரு பேர்ச்சஸ்தான் இருக்கிறது என்றால் ஒன்பது மாதம் என்பது பெரிய காலம்.

அப்புறம் வெளியில் தெரியாத செலவு: மருந்து, விறகு, காவல், பாத்தி மாற்ற இடமில்லாமை. விற்பனை இதற்கெல்லாம் பிறகு.

## உருளைக்கிழங்கு

எல்லாருக்கும் ஆசை இதில்தான். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, வெலிமடை, பொரலந்தை என்று பெயர் சொன்னாலே கிழங்கு ஞாபகம் வரும். காரணம் இரவுக் குளிர். இரவில் குளிர் இருந்தால்தான் செடி செய்த மாப்பொருள் கீழே இறங்கிக் கிழங்காகத் திரளும். சூடான இரவுகளில் செடி மேலே பச்சைப் பசேல் என்று நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் கோலிக்குண்டு கிடைக்கும். பதுளை டவுனில் இதை முயற்சி செய்யாதீர்கள் என்று ஆசிரியருக்கு எழுதியதற்கு அதுதான் காரணம்.

கணக்கு: வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 25. ஒரு பேர்ச்சஸுக்கு 165 குழி வரும். கோழி முட்டை அளவுக் கிழங்கு ஐம்பது கிராம் என்று வைத்தால் எட்டுக் கிலோ விதை. எல்லாம் நன்றாகப் போனால் ஒன்றுக்கு ஆறு, ஏழு திரும்பி வரும். மூன்று, மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும், நாலு பயிரிலும் சீக்கிரம் கைக்குக் காசு வருவது இதில்தான்.

இனி அதன் மறுபக்கம். சந்தையில் வாங்கிய கிழங்கு சமையலறை மூலையில் முளைத்துவிட்டது, அதை நடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நட்டால் முளைக்கும். ஆனால் அது சாப்பிட விளைந்த கிழங்கு. அதற்குள் என்ன வைரஸ் இருக்கிறது, என்ன பற்றீரியா இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. விதைக்கிழங்குப் பண்ணைகளை நுவரெலியாவின் உயர்ந்த இடங்களில் வைத்ததற்குக் காரணமே, குளிரிலும் காற்றிலும் வைரஸைக் காவித் திரியும் அழுக்கணவன் பூச்சி குறைவு என்பதுதான். அங்கிருந்து வரும் விதையை வாங்கி நட்டு, அதிலிருந்து இன்னொரு தடவை எடுத்து வைக்கலாம். மூன்றாம் நாலாம் தடவை இலை சுருளத் தொடங்கும், கிழங்கு சிறுக்கும். மண் களைத்துவிட்டது என்பார்கள். பல நேரம் களைத்தது விதைதான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு வருடம் டவுனில் ஒரு வியாபாரியிடம் பத்துக் கிலோ கிரனோலா ரக விதைக்கிழங்கு வாங்கினேன். "சுத்தமான விதை" என்றார். கிழங்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாற்பதாவது நாள் மத்தியானம் இரண்டு செடி வாடி நின்றது, சாயங்காலம் எழும்பிவிட்டது. மறுநாள் ஆறு செடி, அதற்கப்புறம் எழும்பவில்லை. ஒரு தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெட்டின முனை தண்ணீரில் தொடும்படி பிடித்தேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பது மாதிரி, பால் நிறத்தில் மெல்லிய நூல் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. பற்றீரியா வாடல். அந்தப் பாத்தியில் கிழங்கு மட்டுமா போயிற்று? அதே பற்றீரியா தக்காளி, மிளகாய், கத்தரியையும் பிடிக்கும். சில வருடங்களுக்கு அங்கே போஞ்சியும் சோளமும்தான். பத்துக் கிலோ விதையின் விலையை விட அதுதான் பெரிய நட்டம்.

நுவரெலியாப் பக்கத்து மண்ணில் இன்னொன்றும் உண்டு, கிழங்கு வேரைத் தாக்கும் ஒரு வகை நூற்புழு. குண்டூசித் தலையை விடச் சிறிய கூட்டுக்குள் முட்டைகள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விதையில் ஒட்டிய மண்ணோடு பயணம் போகும். அதனால் விதை வாங்கும்போது மண் ஒட்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மற்றச் செலவுகள்: மூடுபனிக் காலத்தில் பிந்திய வெளிறல் நோய்க்கு மருந்து அடிக்காமல் கிழங்கு எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தண்டு எழும்ப எழும்ப மண் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் பட்டுக் கிழங்கு பச்சையாகும். பச்சைக் கிழங்கைச் சாப்பிடக் கூடாது. உரமும் நிறையக் கேட்கும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது இந்தப் பயிர்க்காரர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும்.

விதை எடுத்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாகக் கிண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் தூங்கும். அதை இருட்டில் வைத்தால் முளை வெள்ளை வெளேர் என்று நூலாக நீளும், நடும்போது முறியும். வெயில் படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இடத்தில் தட்டில் பரப்பி வையுங்கள். கிழங்கு பச்சையாகட்டும், அது சாப்பிட இல்லையே. முளை குட்டையாக, தடிப்பாக, ஊதா நிறமாக நிற்கும். பெரிய கிழங்கை வெட்டி நடலாம்தான், ஒவ்வொரு துண்டிலும் கண் இருந்து, வெட்டுக் காயம் இரண்டு மூன்று நாள் ஆறிய பிறகு. ஆனால் ஒரே கத்தியால் நூறு கிழங்கு வெட்டினால் ஒன்றின் நோய் நூறுக்கும் போகும். எங்கள் ஈர மண்ணில் முழுக் கிழங்குதான் என் கட்சி.

## இஞ்சி

உருளைக்கு நேர் எதிர்க் குணம். அவசரமே கிடையாது. 1,500 மீற்றர் வரை நடலாம் என்றாலும் மேலே போகப் போக மெதுவாகும். நாவலப்பிட்டி, கினிகத்தேனை, கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கத்துச் சரிவுகளில் நன்றாக வரும். நுவரெலியாவில் வேண்டாம்.

நாட்டு இஞ்சி, சீன இஞ்சி, ரங்கூன் இஞ்சி என்று மூன்று கிடைக்கும். நாட்டு இஞ்சி சிறுத்து, நார் கூடி, காரமாக இருக்கும். பிளேன்டீக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. சீன இஞ்சி பருத்து நீர்ப்பிடிப்பாக வரும், எடை கூடும். விற்கவா, வீட்டுக்கா என்று பார்த்து எடுங்கள்.

விதை கொஞ்சம் அதிகம். பாத்தி வழி போக ஒரு பேர்ச்சஸில் 300 துண்டுக்கு மேல் போகும். நாற்பது கிராம் துண்டு என்றால் 12 கிலோ. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று மொட்டு இருக்க வேண்டும். மொட்டு எது என்று தெரியாவிட்டால், மீன் கண் மாதிரி வெளுத்துப் புடைத்திருப்பதைத் தேடுங்கள்.

இஞ்சியிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம் இருக்கிறது. உருளை நட்டால் விதை கரைந்து தோலாகிவிடும். இஞ்சி நட்டு மூன்று நாலு மாதம் கழித்து, செடியை அசைக்காமல் பக்கத்து மண்ணை விரலால் விலக்கினால், நீங்கள் நட்ட துண்டு சுருங்காமல் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் கறுத்து. கவனமாக ஒடித்து எடுத்தால் அதையும் விற்கலாம், சமைக்கலாம். விதைக்குப் போட்ட காசில் ஒரு பகுதி நடுவிலேயே திரும்பி வருகிறது. எங்கள் ஈரத்தில் அந்த ஒடித்த காயம் வழியாக அழுகல் ஏறும் பயமும் உண்டு. மழை விட்ட ஒரு வாரம் பார்த்துத்தான் நான் செய்வேன்.

அழுகல்தான் இஞ்சியின் எமன். தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு கனிந்து, இலை நுனியிலிருந்து மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்துவிடும், நாறும். மேலே சொன்ன பற்றீரியா வாடலும் இதற்கு வரும். வந்த பாத்தியில் மறுபடி இஞ்சி நடக் கூடாது, மூன்று வருடமாவது விட வேண்டும். ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது சொல்ல எளிது. ஒரு பேர்ச்சஸ்காரர் எங்கே மாற்றுவார்? இஞ்சியின் உண்மையான மறைமுகச் செலவு இதுதான்.

அதனால் சிறிய இடத்துக்கு நான் சொல்வது சாக்கு. பழைய உரப்பையின் அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, விளிம்பைப் பாதி வரை மடித்து, மேல் மண்ணும் காய்ந்த சாணமும் கொஞ்சம் மணலும் கலந்து நிரப்பி, சாக்குக்கு இரண்டு துண்டு. செடி எழும்ப மடிப்பை விரித்து மண் சேர்க்கலாம். கல்லின் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது. ஒன்று அழுகினால் அந்தச் சாக்கை மட்டும் தூக்கிப் போகலாம், மற்றது தப்பும். அடுத்த வருடம் புது மண். லயத்து வாசலில் கூட இருபது சாக்கு வைக்க இடம் வரும்.

எட்டிலிருந்து பத்து மாதம் ஆகும். ஆனால் விலை இல்லாவிட்டால் கொஞ்சம் விட்டு வைக்கலாம், வீட்டுக்கு வேண்டியதை மட்டும் ஒரு மூலையில் கிண்டி எடுக்கலாம். இந்தத் தாராளம் உருளையில் கிடையாது. விதைக்கு, இலை முழுதும் காய்ந்த, ஒரு செடியும் வாடாத சாக்கிலிருந்து மட்டும் எடுங்கள். ஈரமில்லாத மணலில் நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். சுருங்கி எடை குறையும் என்பதை இப்போதே கணக்கில் சேருங்கள்.

## மஞ்சள்

இஞ்சியின் அக்கா என்று வையுங்கள். நடும் காலம், மாதக் கணக்கு, மண் எல்லாம் ஏறக்குறைய அதே. விதை குறைவு, எட்டுக் கிலோ போதும். அழுகலுக்கு இஞ்சியை விடத் தாங்கும். மஞ்சள் செடி பூக்கும், ஆனால் விதை பிடிக்காது. அதன் நிறமூர்த்த அமைப்பே அப்படி. ஆகவே உலகத்தில் எந்த மஞ்சளும் யாரோ ஒருவர் எடுத்து வைத்த கிழங்கின் தொடர்ச்சிதான்.

2020இல் இறக்குமதி நின்று கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போனபோது மஞ்சள் நடாத ஆளில்லை. நட்டவர்களில் பாதிப்பேர் அறுவடைக்கு அப்புறம்தான் திகைத்தார்கள். பச்சை மஞ்சளை முக்கால் மணி, ஒரு மணி நேரம் அவிக்க வேண்டும், பிறகு பத்துப் பதினைந்து நாள் நல்ல வெயிலில் காய வேண்டும். ஐந்து கிலோ பச்சை, காய்ந்து ஒரு கிலோதான். தலவாக்கலையில் தைமாதத்தில் பதினைந்து நாள் வெயில் கேட்டால் யாரிடம் கேட்பது? பாதி காய்ந்தது பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். விறகும் கூலியும் வேறு.

ஒரு வழி இருக்கிறது. சித்திரையில் நட்டால் தைப்பொங்கலுக்குச் சரியாக ஒன்பது மாதம். பானையில் கட்ட இலையும் கிழங்குமாக மஞ்சள் கொத்து எல்லா வீட்டுக்கும் வேண்டும். செடியை அப்படியே பிடுங்கிக் கட்டி டவுனுக்குக் கொண்டுபோனால் அவிக்கவும் வேண்டாம், காய வைக்கவும் வேண்டாம். ஒரு பேர்ச்சஸ்காரருக்கு மஞ்சளில் இதைவிட நல்ல வியாபாரம் எனக்குத் தெரியாது. விதைக்கு ஒரு வரிசையை மட்டும் தொடாமல் விடுங்கள்.

## சேம்பு

இதைப் பரிந்துரைத்தால் முகம் சுளிப்பார்கள். பஞ்சகாலத்துச் சாப்பாடு என்று ஒரு நினைப்பு. எங்கள் அம்மா தண்ணீர்ப் பீலிக்குக் கீழே, தண்ணீர் ஓடிச் சகதியாகக் கிடக்கும் இடத்தில் பத்து மூடு வைத்திருந்தார். யாரும் நட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. தாய்க் கிழங்கைக் கிண்டும்போது விழுந்துபோகும் குட்டிகள் மறுபடி முளைக்கும், அவ்வளவுதான். உரம் போட்டதும் கிடையாது.

மற்ற மூன்றையும் கொல்லும் ஈரத்தில் சேம்பு சந்தோஷமாக நிற்கும். நிழலும் தாங்கும். விதைக்கு மூன்று நாலு கிலோ குட்டி, அதுவும் பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும். ஆறு ஏழு மாதத்தில் கிண்டலாம், குளிர் கூடின இடத்தில் இன்னும் தாமதிக்கும். எடுத்து வைக்க இடம் தேட வேண்டாம், மண்ணே களஞ்சியம்.

குறை என்ன? விலை இல்லை. வாரச் சந்தைக்கு மூட்டை கட்டிப் போகிற பயிர் இல்லை இது. கிழங்கிலும் இலையிலும் ஊசி ஊசியான படிகங்கள் இருப்பதால் சரியாக அவிக்காவிட்டால் தொண்டை அரிக்கும். புளி சேர்த்து நன்றாக வேக வைக்க வேண்டும். தோல் சீவும்போது கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலே காட்டுப்பன்றி. தேயிலை மலைக்குப் பக்கத்து வீடு என்றால் ஒரே இரவில் பாத்தி உழுத வயல் மாதிரி ஆகிவிடும். முள்ளம்பன்றி வேறு. கிழங்கு எதுவானாலும் பன்றி வரும், ஆனால் இஞ்சியையும் மஞ்சளையும் சேம்பு அளவுக்குத் தேடி வருவதை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று: ஒருமுறை வைத்த இடத்தில் சேம்பை ஒழிக்க முடியாது. நிலக்கீழ்த் தண்டின் குணமே அதுதான். கோரையை மம்பட்டியால் கொத்திக் கொத்தி ஒழிக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொத்துகிற ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகிவிடும்.

வாழையையும் கேட்டிருந்தார்கள். அதுவும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குத் தண்டிலிருந்து குட்டி விடுவதுதான். ஓரத்தில் ஒரு மூடு வையுங்கள். ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலை உள்ள குட்டியை எடுங்கள், அகல இலைக் குட்டி வேண்டாம். ஒரு பேர்ச்சஸை வாழைக்கே கொடுத்துவிட்டால் நிழலில் மற்றது எதுவும் வராது.

## ஒரே பார்வையில்

| | உருளைக்கிழங்கு | இஞ்சி | மஞ்சள் | சேம்பு |
|---|---|---|---|---|
| நடுவது | முளைவிட்ட முழுக் கிழங்கு | 2, 3 மொட்டுள்ள துண்டு | தாய்க் கிழங்கு அல்லது விரல் | பக்கக் குட்டி |
| விதை (ஒரு பேர்ச்சஸ்) | 8 கிலோ | 12 கிலோ | 8 கிலோ | 3, 4 கிலோ |
| காலம் | 3 முதல் 3½ மாதம் | 8 முதல் 10 மாதம் | 8, 9 மாதம் | 6 மாதத்துக்கு மேல் |
| உயரம் | குளிர் இரவு கட்டாயம் | 1,500 மீற்றர் வரை, கீழே நல்லது | கீழ்ச் சரிவு | பெரும்பாலும் எங்கும் |
| தேங்கும் தண்ணீர் | ஆகாது | அறவே ஆகாது | ஆகாது | பரவாயில்லை |
| சொந்த விதை | ஒன்றிரண்டு தடவை | தெரிந்து எடுத்தால் | எளிது | தானாகவே |
| தெரியாத செலவு | மருந்து, உரம், கெட்டுப்போகும் பாத்தி | பாத்தி மாற்ற இடம் | விறகு, வெயில் | பன்றி, அரிப்பு |
| விற்பனை | உடனே | நல்லது, காத்திருக்கலாம் | பொங்கலுக்கு | வீட்டுக்கு மட்டும் |

## கேட்ட மூன்று பேருக்கும்

மஸ்கெலியாத் தம்பிக்கு: உங்கள் மழைக்கு முதலில் கான் வெட்டுங்கள், பிறகு பயிரைப் பேசலாம். இஞ்சி ஆசை இருந்தால் இந்த வருடம் பத்துச் சாக்கு மட்டும், கூரைத் தாழ்வாரத்தை ஒட்டி, தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு உள்ளே. கானின் ஓரத்தில் சேம்பு. பன்றி வருகிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு நடுங்கள். கிழங்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் ஈரத்தில் மருந்துச் செலவே விளைச்சலைச் சாப்பிட்டுவிடும்.

பதுளை ஆசிரியருக்கு: உங்களுக்கு வெயிலும் உண்டு, வேலி அடைத்த காணியும் உண்டு என்கிறீர்கள். பாதி மஞ்சள், பாதி இஞ்சி போடலாம். பொங்கல் கொத்துக்குப் போக மிஞ்சும் மஞ்சளை அவித்துக் காயவைக்கவும் உங்கள் ஊர் வெயில் இடம் தரும். இஞ்சியையும் மஞ்சளையும் அடுத்தடுத்த வருடம் இடம் மாற்றி நட வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் அது மாற்றுப் பயிர் ஆகாது. நடுவில் ஒரு வருடம் சோளமோ பயறோ வரட்டும்.

வெலிமடைத் தங்கச்சிக்கு: மூன்று பேரில் கிழங்கு போடச் சொல்லி எனக்குத் தைரியம் வருவது உங்களுக்குத்தான். சுற்றிலும் எல்லாரும் போடுகிறார்கள், வயலில் நெல் அறுத்த கையோடு கிழங்கு வைக்கிற ஊர் அது. கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடித்து, விதை எப்போது வருகிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஊரே நடும் வாரத்தில் தேடினால் மிஞ்சினதுதான் கிடைக்கும். வாங்கினதும் மூட்டையிலிருந்து கையில் வந்த ஐந்தாறு கிழங்கை எடுத்து நடுவே வெட்டிப் பாருங்கள். தோலுக்குச் சற்று உள்ளே ஓடும் வளையம் பழுப்பாக இருந்தாலோ, இரண்டு விரலால் அமுக்கும்போது அந்த வளையத்தில் பால் மாதிரி கசிந்தாலோ, பேரம் பேச வேண்டாம். மூட்டையைக் கட்டி வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். கத்தியைக் கழுவாமல் சமையலறைக்குக் கொண்டு போகவும் வேண்டாம், தோட்டத்துக்குக் கொண்டு போகவும் வேண்டாம்.